அதே நாலு கார்ட், வேறு ஸ்கேல்: எது மாறுகிறது, எப்படி வாசிப்பது

"ஏனுங்ண்ணா, தொண்டை கட்டியிருக்குதுங்க, ஒரு கட்டை எறக்கிக்கலாமுங்களா?" நோம்பி (ஊர்த் திருவிழா) மேடையில் பாட்டு தொடங்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பாடகி இப்படிக் கேட்பது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். கோபியோ தாராபுரமோ பொள்ளாச்சியோ, மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது. பேஸ் வாசிப்பவர் கையை இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கோடு, ஒன்றுக்கு அரை ஸ்வரம்) நகர்த்திக்கொள்வார். ஜி, டி, இ மைனர், சி என்று எழுத்தாகவே மனப்பாடம் செய்து வந்த கிட்டார்காரருக்குத்தான் சிக்கல். அதையே 1-5-6-4 என்று எண்ணாகப் படித்திருந்தால் எஃப், சி, டி மைனர், பி ஃப்ளாட் என்று அதே மூச்சில் மாற்றிவிடலாம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மாற்றிய பிறகு கார்ட் எல்லாம் சரியாகவே இருக்கும், ஒரு தப்பும் இருக்காது, இருந்தும் பாட்டு வேறு மாதிரி நிற்கும். நெஞ்சைப் பிடிக்க வேண்டிய இடம் சும்மா கடந்து போகும், சாதாரணமாகப் போக வேண்டிய இடம் கனமாக விழும். இதற்குக் காரணம் உண்டு, அதைக் கையால் தொட்டுக் காட்டவும் முடியும், சரி செய்யவும் முடியும். எனக்குப் பிடித்த ப்ரோக்ரஷன்களை, அதாவது கார்ட் வரிசைகளை, வைத்தே சொல்கிறேன்.

முதலில் எண், பிறகு எழுத்து

சங்கராபரணம்தான் மேஜர் ஸ்கேல். சா-விலிருந்து நி வரை ஏழு ஸ்வரத்துக்கும் 1 முதல் 7 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரத்தை அடுக்கினால் கார்ட் வந்துவிடும்: சா-கா-பா என்பது 1, மா-தா-சா என்பது 4, பா-நி-ரி என்பது 5. இந்த மூன்றும் மேஜர். 2, 3, 6 மூன்றும் மைனர். 7-வது டிமினிஷ்ட், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் இந்த வரிசை மாறாது. ஒரு ப்ரோக்ரஷன் என்பது கார்டுகளுக்குள் இருக்கும் உறவுதானே தவிர, அந்தக் கார்டுகளின் பெயர்கள் இல்லை.

பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். 1 என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. 3½ என்று ஒன்று கிடையாது, 7½-ம் கிடையாது, ஏனென்றால் இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லை. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 5-லிருந்து "ஒரு கட்டை" இறக்கினால் இரண்டு ஃப்ரெட் கீழே வர வேண்டும். 4-லிருந்து "ஒரு கட்டை" இறக்கினால் 3, ஆனால் அது ஒரே ஒரு ஃப்ரெட். பாடகர் சொல்லும்போது அவர் மனதில் எது இருக்கிறது என்று அனுமானிக்காமல், புதுச் சா-வை ஒரு தடவை வாசித்துக் காட்டி "இதுங்களா?" என்று கேட்டுவிடுவதுதான் நல்லது.

பழகும்போது பன்னிரண்டு ஸ்கேலிலும் ஒரே நாளில் ஓட்ட வேண்டாம். ஒரு ப்ரோக்ரஷனை எடுத்து, வாயில் "ஒண்ணு, அஞ்சு, ஆறு, நாலு" என்று சொல்லிக்கொண்டே ஜி-யிலும் சி-யிலும் டி-யிலும் மட்டும் வாசியுங்கள். எண்ணைச் சொல்லும் வாய்க்கும் கார்ட் பிடிக்கும் கைக்கும் பழக்கம் உண்டானதும் மற்ற ஸ்கேல்கள் தானாக வரும்.

ஸ்கேலைத் தீர்மானிப்பது தொண்டை

கையில் எளிதாக விழும் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு பாடகரை அதற்குள் இழுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். பாட்டு கேட்க வந்த கூட்டம் பாடகரின் குரலைத்தான் கேட்கிறது. அதனால் ஸ்கேலை இப்படிக் கண்டுபிடியுங்கள்: பாட்டில் மிக உயரமான ஸ்வரம் எது என்று பாருங்கள், அது பெரும்பாலும் சரணத்தில் இருக்கும். அந்த இடத்தை மட்டும் பாடகரை நாலைந்து முறை பாடச் சொல்லி, கழுத்து நரம்பு புடைக்காமல் எது வரை போகிறார் என்று கவனியுங்கள். உதாரணமாக, மெட்டின் உச்சம் மேல் அந்தர காந்தாரம் (மேஜர் ஸ்கேலின் கா, சா-வுக்கு நாலு ஃப்ரெட் மேலே) என்று வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு வசதியான உச்சி மேல் சி என்றால், அங்கிருந்து நாலு ஃப்ரெட் கீழே இறங்கினால் ஜி ஷார்ப். அதாவது 5½ கட்டை. அவ்வளவுதான் கணக்கு. பிறகு பல்லவியின் கீழ் ஸ்வரம் காற்றாகப் போகாமல் கேட்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள். முழுப் பாட்டையும் பத்து தடவை பாட வைத்துத் தொண்டையைக் களைப்பாக்க வேண்டாம்.

ஸ்கேலுக்குத் தனிக் குணம் உண்டா?

சி மேஜர் வெள்ளந்தி, டி மைனர் சோகம் என்றெல்லாம் சொல்வார்கள். ஜெர்மனியில் ஷுபார்ட் என்பவர் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு மனநிலையை எழுதி வைத்தார், 1806-ல் அச்சில் வந்தது. அன்றைக்கு அங்கே புழங்கிய பல சுருதி முறைகளில் ஸ்வர இடைவெளிகள் ஸ்கேலுக்கு ஸ்கேல் கொஞ்சம் வேறுபட்டன, அதனால் அதில் பொருள் இருந்தது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் கீபோர்டில் பன்னிரண்டு அரைஸ்வரங்களும் ஒரே விகிதத்தில், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் 1.0595 மடங்கு என்று ஏறுகின்றன. அதனால் 1-5-6-4 என்ற உறவு எந்த ஸ்கேலிலும் அச்சு அசலாக ஒன்றுதான்.

அப்படியானால் வித்தியாசம் ஏன் கேட்கிறது? உயரம் மாறுவதால் குரலின் இறுக்கம் மாறுகிறது, இது முதல் காரணம். இரண்டாவது காரணம் வாத்தியம். கிட்டாரில் திறந்து ஒலிக்கும் கம்பிகள் இ, ஏ, டி, ஜி, பி, இ என்று நிலையாக நிற்கின்றன. ஸ்கேல் நகரும், கம்பிகள் நகராது. எந்தக் கார்டுக்கு அடி ஸ்வரம் கீழே கிடைக்கும், எதற்கு மேலே ஏறிப் போக வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

கனம் எங்கே விழுகிறது

கிட்டார் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 1-5-6-4-ஐ ஜி-யில் ஓப்பன் கார்டாக (திறந்த கம்பிகளும் சேர்ந்து ஒலிக்கும்படி) வாசித்து, ஒவ்வொரு கார்டிலும் அடி ஸ்வரத்தை மட்டும் தனியாகக் கட்டை விரலால் தட்டிப் பாருங்கள். ஜி, ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட். டி, நாலாவது கம்பி திறந்தபடி, அதாவது மேலே போய்விட்டது. இ மைனர், ஆறாவது கம்பி திறந்தபடி. கிட்டாரிலேயே ஆகக் கீழான ஸ்வரம், 82 ஹெர்ட்ஸ் சொச்சம். பிறகு சி, ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட். கனம் முழுக்க 6-ல், அந்த மைனரில் வந்து விழுகிறது. ஜி-யில் வாசிக்கும்போது இந்த ப்ரோக்ரஷன் ஏங்குவது மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம்.

அதே எண்களை டி-யில் வாசியுங்கள்: டி, ஏ, பி மைனர், ஜி. இங்கே ஆகக் கீழே இருப்பது கடைசி ஜி, அதாவது 4. ஏக்கம் போய், கடைசியில் மடி விரித்து உட்காருவது போன்ற ஒரு நிதானம் வருகிறது. சி-யிலும் அப்படித்தான், எஃப்-ல் போய் அமரும். ஏ-வில் வாசித்தால் ஏ, இ, எஃப் ஷார்ப் மைனர், டி. இப்போது கனம் இரண்டாவது கார்டிலேயே, 5-ல் விழுந்து, அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறுகிறது. இ-யில் என்றால் முதல் கார்டே கனம்: இ, பி, சி ஷார்ப் மைனர், ஏ. ஒவ்வொரு சுற்றும் தரையில் அடித்துத் தொடங்கும். குத்துப் பாட்டுக்கு இ எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது முதலில் சொன்ன மேடைக்கே வருவோம். ஜி-யில் பழகிய பாட்டை எஃப்-க்கு இறக்கியாயிற்று. எஃப் ஆறாவது கம்பியின் முதல் ஃப்ரெட், சி ஐந்தாவது கம்பி, டி மைனர் நாலாவது கம்பி, பி ஃப்ளாட் ஐந்தாவது கம்பி. கனம் 6-லிருந்து 1-க்குத் தாவிவிட்டது. பாடகி அந்த மைனரில் உருகும்போது அடியில் தாங்கப் பிடிக்க ஆள் இல்லை. அதனால்தான் "கார்ட் எல்லாம் கரெக்ட், ஆனா ஃபீல் இல்லை" என்கிறார்கள்.

சரி செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆறாவது கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். நாலாவது கம்பியும் டி என்பதால் இரண்டையும் சேர்த்துத் தட்டிக் காதாலேயே சேர்த்துவிடலாம், கச்சேரி நடுவிலும் முடியும். இப்போது டி மைனருக்கு அடியில் ஆழமான டி கிடைத்துவிட்டது, கனம் மறுபடியும் 6-ல். எஃப்-ஐ முழு பார் கார்டாக (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தி) பிடிக்காமல் மேல் நாலு கம்பியில் சின்னதாகப் பிடித்தால் போதும், அடியை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். பேஸ்காரரிடம் ஐந்து கம்பி வாத்தியம் இருந்தால் அவரும் அந்த டி-யைக் கீழேயே வாசிக்கலாம். நாலு கம்பியில், கம்பியின் சுருதியை இறக்காமல் இ-க்குக் கீழே போக வழியில்லை.

ஊர்க்கோயில்களில் இன்னமும் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். அதில் இந்த அடி ஸ்வரம் எதுவும் வெளியே வராது. அப்படிப்பட்ட இடத்தில் பேஸ் வாசிப்பவர் ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசிக்க வேண்டும், கிட்டார்காரர் கனம் விழ வேண்டிய கார்டில் நிதானமாக ஒரே ஒரு ஸ்ட்ரோக் கொடுத்து விட வேண்டும். அந்த இடைவெளியே கனத்தைக் கொடுக்கும்.

கேப்போவை இதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்

5½ கட்டை என்றதும் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஜி வடிவத்தில் வாசிப்பது எல்லோரும் செய்வது. ஆனால் அதே 5½ கட்டையை நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு இ வடிவத்திலும் வாசிக்கலாம், ஆறாவது ஃப்ரெட்டில் போட்டு டி வடிவத்திலும் வாசிக்கலாம். மூன்றும் ஒரே ஸ்கேல், ஒரே நாலு கார்ட். முதலாவதில் கனம் மைனரில், இரண்டாவதில் சா-வில், மூன்றாவதில் 4-ல். சோகப் பாட்டுக்கு முதலாவது, ஆட்டத்துக்கு இரண்டாவது, மென்மையான டூயட்டுக்கோ ஜெபப் பாட்டுக்கோ மூன்றாவது என்று நான் எடுப்பேன். கேப்போ மேலே போகப் போகக் கம்பி குட்டையாகி ஒலி மெலிந்து பளிச்சென்று ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற கறுப்புக் கட்டைகளுக்கும் இதே தந்திரம்தான். 1½-க்கு முதல் ஃப்ரெட்டில் சி வடிவம். 2½-க்கு முதல் ஃப்ரெட்டில் டி வடிவம், மூன்றில் சி வடிவம். 4½-க்கு இரண்டில் இ, நாலில் டி. 6½-க்கு ஒன்றில் ஏ, மூன்றில் ஜி. இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே வடிவத்தை வாசிக்க வேண்டாம். ஒருவர் ஒன்றில் ஜி, மற்றவர் ஆறில் டி என்று பிரித்துக்கொண்டால் கீழும் மேலும் நிறைந்து கேட்கும்.

பிடித்த மற்ற ப்ரோக்ரஷன்கள்

6-4-1-5. மேலே பார்த்த நாலையே வேறு இடத்தில் தொடங்குவது. மைனரில் தொடங்குவதால் பாட்டு முழுக்க ஒரு நிழல் இருக்கும், மூன்றாவது கார்டில் வெளிச்சம் வரும். ஜி-யில் இது அபாரம், ஏனென்றால் முதல் கார்டே ஆகக் கீழான இ.

4-5-3-6. ஜப்பானியப் பாடல்களில் இதற்கு ராஜபாட்டை என்றே பெயர் உண்டு. வீட்டுக்கு, அதாவது 1-க்கு, வராமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல்லவிக்கு முந்தைய சரண வரிகளில் வைத்தால் கேட்பவர் பல்லவிக்காகக் காத்திருப்பார். கிட்டாரில் சி ஸ்கேலில் எஃப், ஜி, இ மைனர், ஏ மைனர் என்று வரும்; மூன்றாவதில் ஆழமான இ வந்து உட்காருவதால் சி இதற்கு ரொம்பப் பொருத்தம். டி-யில் வாசித்தால் மூன்றாவது எஃப் ஷார்ப் மைனர், பார் பிடித்தே ஆக வேண்டும், அந்த ஆழம் வராது.

2-5-1. தனி ப்ரோக்ரஷனாக இல்லாமல், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் வாசலாக இதை வையுங்கள். சரணம் 6-லோ 4-லோ முடிந்தால் 2 மைனர் ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று), 5 ஒரு பார், அப்புறம் பல்லவி.

மைனரில் 1-7-6-5. ஏ மைனரில் ஏ மைனர், ஜி, எஃப், இ. ஸ்பெயினின் ஆண்டலூசியா பக்கத்துப் பெயரால் வழங்குவது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். முதல் மூன்று கார்டும் நடபைரவிக்குள், அதாவது சாதாரண மைனர் ஸ்கேலுக்குள், அடங்கும். கடைசி இ மேஜரில் ஜி ஷார்ப், அதாவது காகலி நிஷாதம் வருகிறது, அது கீரவாணியின் ஸ்வரம். பாடகர் அந்த இடத்தில் கைசிகி நிஷாதத்தை, அதாவது அரை ஸ்வரம் கீழே இருக்கும் ஜி-யைப் பிடித்தால் கார்டும் குரலும் நேருக்கு நேர் முட்டும். மெட்டில் கைசிகி நிஷாதம்தான் என்றால் இ மேஜருக்குப் பதில் இ மைனர் போடுங்கள், அல்லது இ-யும் பி-யும் மட்டும் வாசித்துவிட்டு மூன்றாவது ஸ்வரத்தை விட்டுவிடுங்கள். மெட்டைக் கார்டுக்காக வளைக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

1, இறக்கிய 7 (அரை ஸ்வரம் கீழே வைத்த 7-ன் மேல் ஒரு மேஜர்), 4. ஹரிகாம்போஜி வாடை அடிக்கும், கொண்டாட்டமான சுற்று. சி-யில் இது சி, பி ஃப்ளாட், எஃப் என்று கையைப் படுத்தும். டி-யில் டி, சி, ஜி, ஏ-வில் ஏ, ஜி, டி, எல்லாமே ஓப்பன். பாடகர் 1½ கேட்டால் ஏ வடிவத்தில் நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள்.

கும்மி மெட்டுக்குக் கார்ட் போடுவது

இப்போது கொங்குப் பக்கம் வள்ளி கும்மி மறுபடியும் ஊருக்கு ஊர் ஆடுகிறார்கள், அந்த மெட்டுகளைக் கிட்டாரோடு சேர்த்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளும் நிறைய. அங்கே 1-5-6-4-ஐக் கொண்டுபோய் அப்படியே ஒட்டினால் மெட்டின் மண்வாசனை போய்விடும். காரணம், நாட்டார் மெட்டுகளில் நிறைய ஐந்து ஸ்வரத்துக்குள்ளேயே புழங்குகின்றன, நம் கார்டுகளோ ஏழு ஸ்வரத்துக்குச் செய்தவை. மெட்டில் இல்லாத ஸ்வரத்தைக் கார்ட் கொண்டுவந்து போட்டுவிடும்.

மோகனம் போல சா ரி கா பா தா என்று போகும் மெட்டு என்று வையுங்கள். மா-வும் நி-யும் கிடையாது. முழுசாக உள்ளே அடங்கும் கார்ட் இரண்டுதான்: 1 மேஜர், 6 மைனர். 4-ல் மா இருக்கிறது, 5-ல் நி இருக்கிறது. ஆனால் 5-ஐ சஸ் 4 (நடு ஸ்வரத்துக்குப் பதில் அடியிலிருந்து நாலாவது ஸ்வரம்) ஆக்கினால் பா-சா-ரி, மூன்றும் மெட்டுக்குள் இருப்பவை. சி-யில் சொன்னால் ஜி, சி, டி. 1, 6 மைனர், 1, 5 சஸ் 4 என்று ஒரு சுற்று போட்டுப் பாருங்கள், கும்மி கும்மியாகவே இருக்கும், அடியில் மட்டும் ஒரு அசைவு தெரியும்.

மத்தியமாவதி மாதிரி சா ரி மா பா நி என்று போனால் நிலைமை இன்னும் சுவாரசியம். காந்தாரமே இல்லை, அதனால் வீட்டுக் கார்டுக்கு மேஜரா மைனரா என்ற கேள்வியே எழாது. மேஜர் வாசித்தாலும் தப்பு, மைனர் வாசித்தாலும் தப்பு. சா-வும் பா-வும் மட்டும் வாசிக்க வேண்டும். நகர வேண்டிய இடத்தில் 5 மைனரும் இறக்கிய 7 மேஜரும் முழுசாக உள்ளே அடங்கும். சி-யில் ஜி மைனர், பி ஃப்ளாட்.

இதற்குக் கிட்டாரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960-களில் பரப்பிய சுருதி அது. 2 கட்டையை சா-வாக வைத்தால் திறந்த கம்பிகள் சா-பா-சா-மா-பா-சா என்று அப்படியே மத்தியமாவதிக்குள் நிற்கும், விரலே வைக்காமல் தட்டினாலும் தம்பூரா போல ஒலிக்கும். கும்மி ஆசிரியர் 4 கட்டையில் பாடுகிறார் என்றால் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ. 5-ல் என்றால் ஐந்தாவதில். சுற்றி ஆடுபவர்களின் கைத்தாளம்தான் இங்கே முக்கியம் என்பதால் ஸ்ட்ரம்மிங்கை அடக்கி வாசியுங்கள்.

கீபோர்டுக்காரர்களுக்கு

ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருப்பதால் ஸ்கேல் உங்களைத் தொடாது என்று நினைக்க வேண்டாம். சி-யில் பழகிய கைவடிவத்தை அப்படியே ஏழு படி மேலே தூக்கி ஜி ஆக்கினால், வலது கை நேராகப் பாடகியின் குரல் ஓடும் பகுதிக்குள் போய் அமர்ந்துவிடும். அப்போது ஒரு ஸ்தாயி இறக்குங்கள், அல்லது இன்வர்ஷனை (கார்டின் ஸ்வரங்களை அடுக்கும் வரிசையை) மாற்றுங்கள். 1-5-6-4-க்கு சி-யில் நான் பிடிப்பது இப்படி: சி-இ-ஜி, பி-டி-ஜி, சி-இ-ஏ, சி-எஃப்-ஏ. கை இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு எந்த விரலும் ஒரு ஸ்வரத்துக்கு மேல் நகர்வதில்லை. ஸ்ட்ரிங்ஸ் சவுண்டில் இப்படி வாசித்தால் பாடகருக்குப் பின்னால் ஒரு திரை விரித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு கார்டையும் அடியிலிருந்து குதித்துக் குதித்துப் பிடித்தால் அந்தத் திரை கிழிந்துவிடும்.

டூயட்டில் இன்னொரு தலைவலி வரும். ஆணுக்கு 1½ வசதி, பெண்ணுக்கு 5½ வசதி, நடுவில் ஏதோ ஒன்றைப் பிடித்தால் இருவருக்குமே கஷ்டம். மெட்டு இடம் கொடுத்தால், பெண் சரணத்துக்கு ஸ்கேலையே மாற்றிவிடலாம். 1½-ல் 2-வது கார்ட் டி ஷார்ப் மைனர். இடையிசையின் கடைசி பாரில் அதை மேஜராக்கி, முடிந்தால் ஏழாவது ஸ்வரத்தையும் சேர்த்து டி ஷார்ப் 7 ஆக வாசியுங்கள். அதுதான் 5½ கட்டையின் 5. காது தானாகவே புதுச் சா-வை எதிர்பார்க்கும், பாடகிக்கும் தொடங்கும் ஸ்வரம் கையில் கிடைத்துவிடும். எந்த ஸ்கேலிலும் 2-ஐ மேஜராக்கினால் பா-வைப் புதுச் சா ஆக்கும் கதவு திறக்கும் என்று நினைவில் வையுங்கள்.

கடைசிப் பல்லவியை அரை ஸ்வரம் ஏற்றும் வழக்கம் இருக்கிறதே, அதை உச்சி ஸ்வரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாடகருக்குச் செய்யாதீர்கள். அவருக்கு இன்னும் ஒன்றிரண்டு ஸ்வரம் மிச்சம் இருந்தால் மட்டுமே.

சுருதி சேர்ப்பது பற்றிக் கொஞ்சம்

ட்யூனர் காட்டும் 440 ஹெர்ட்ஸ் என்பது ஐஎஸ்ஓ 16 என்ற 1975-ம் ஆண்டுத் தரம் சொல்லும் ஏ. மேடையில் இருக்கும் எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் வாசிக்கும்போது குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறும், அதனால் அறைக்குள் சேர்த்துக்கொண்டு வந்ததை நம்பாமல், மேடையில் கொஞ்ச நேரம் கிட்டாரை வெளியே வைத்திருந்துவிட்டுச் சேருங்கள்.

கல்யாண வரவேற்பில் நாதஸ்வரக்காரரோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னால், அவர் வாத்தியம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டையில் இருக்கும், ட்யூனரின் டி-யோடு முடிக்கு முடி பொருந்தவும் பொருந்தாது. அவரை மாறச் சொல்ல முடியாது, அவர் வாத்தியம் அப்படிச் செய்யப்பட்டது. அவரை நீளமாக ஒரு சா பிடிக்கச் சொல்லுங்கள். ட்யூனரின் 440-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ, அவர் சா நடு முள்ளில் நிற்கும் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணிலேயே கிட்டாரைச் சேருங்கள். கீபோர்டில் ட்யூனிங் என்ற மெனுவுக்குள் போய் அதே எண்ணைக் கொடுத்துவிடலாம். 2½ என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ, டி வடிவம். கேப்போ போட்டதும் கம்பி லேசாக ஏறிவிடும், அதனால் கேப்போவோடு இன்னொரு முறை சேர்த்துவிட்டு வாசிக்க ஆரம்பியுங்கள்.